ஜரீன்தாஜின் இரண்டாவது சீர்வரிசை

ஹாஜி ஃபத்தாஹ் காலமான நாற்பதாம் நாள். ஓதல் முடிந்து, நெய்ச்சோறு சாப்பிட்ட ஆண்கள் தாடியைத் துடைத்துக்கொண்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். அதற்குள் அவருடைய மூத்த மருமகள் ருபாபா சமையலறைக்குள் புகுந்து, பாத்திரங்களை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கனமான செம்பு ஒரு மாதிரி ஒலிக்கும், தேய்ந்த செம்பு வேறு மாதிரி. டங், டங் என்று அவள் ஒவ்வொன்றாகத் தட்ட, அடுத்த வீட்டுக்காரி என்ற உரிமையில் எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுப்பருகே உட்கார்ந்திருந்த ஜரீன்தாஜ் அக்கா அசையவில்லை. ஹாஜியின் இரண்டாவது மனைவி அவள். முதல் மனைவி இரண்டு ஆண்பிள்ளைகளை விட்டுவிட்டுக் கண்ணை மூடியபின் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்கென்று பிள்ளை இல்லை. மூத்தவன் நஸ்ருல்லா அவளைச் 'சின்னம்மா' என்பான். அவள் வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்த இளையவன் ஹபீப் 'அம்மா' என்றே கூப்பிடுவான். ஐம்பதை நெருங்கும் வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவள் சிரித்தால் எங்கள் வீட்டுப் புறாக்கள் கூட்டமாக எழும்பிப் பறக்கும். வெல்வெட் தறியில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் யதுல்லா, "நூல் அறுந்துபோச்சு, அந்தம்மாவைக் கொஞ்சம் மெதுவாச் சிரிக்கச் சொல்லு" என்பார். ஹாஜி போனதிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்கவில்லை.

ருபாபா மடியிலிருந்து சிவப்பு நூல்கண்டு ஒன்றை எடுத்தாள். பெரிய அண்டாவின் காதில் ஒரு நூலைக் கட்டினாள். தேநீர் காய்ச்சும் சமோவாரின் குழாயில் ஒன்று. விருந்துக் கூடத்துக் கம்பளத்தின் குஞ்சத்தில் ஒன்று.

"சின்னம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு வர்றது எது, உங்களுக்கு வர்றது எதுன்னு ஒரு அடையாளம், அவ்வளவுதான்" என்றாள்.

நஸ்ருல்லா தொண்டையைச் செருமினான். தகப்பனாரின் பட்டுக்கடை கையில் வந்ததிலிருந்து அவனுக்கு அந்தச் செருமலும் வந்திருந்தது. "பொண்டாட்டிக்கு எட்டுல ஒரு பங்கு, சின்னம்மா. மனையில பங்கு இல்ல. நானா சொல்லல, சட்டம் அப்படி. உங்களுக்குக் குறை வைக்க மாட்டோம்."

ஜரீன் அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். ருபாபா வீடு முழுக்க நூல் கட்டினாள். மெத்தைகள், விளக்குகள், தேநீர்க் குவளைகள், ஈயம் பூசிப் பளபளத்த தட்டுகள், குளிர்காலக் கணப்பு மேசையின் மேல் போர்த்தும் பெரிய ரஜாய், எதையும் விடவில்லை. கடைசியில் நூல் கட்டாமல் மிஞ்சியவை கூடத்தின் ஒரு மூலையில் குவிக்கப்பட்டன. ஒரு கரி அடுப்பு, ஒரு இடுக்கி, கிழிந்து பஞ்சு பிதுங்கிய ஒரு தலையணை.

"முடிஞ்சுதாடி?" என்று கேட்டாள் ஜரீன் அக்கா.

"முடிஞ்சுது, சின்னம்மா."

அக்கா அந்தக் கரி அடுப்பைப் பார்த்தாள். இடுக்கியைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் ஈரக் கையோடு ஓடினேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் புறாக்கள் படபடவென்று எழும்பின.

"அட என் தங்கமே, நூலை வீணடிச்சுட்டியே! இந்த வீட்டுச் செவுரும் கூரையும் ஹாஜியோடது. அது உங்களுக்கு, நல்லா இருங்க. செவுத்துக்குள்ள இருக்கறது அத்தனையும் என்னோடது. எங்கப்பா குடுத்த சீர். நீ கட்டின நூலை நீயே அவுத்துடு. என் விரல் தடியா இருக்கு, முடிச்சு வராது."

அவள் சொன்னதில் பொய்யில்லை. பெண் கொண்டுவந்த சீர் பெண்ணுடையது. கணவன் அதில் உட்காரலாம், படுக்கலாம், சாப்பிடலாம். சொந்தம் கொண்டாட முடியாது. அவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பட்டுப்புழுக்களுக்கு நோய் வந்து, ஹாஜி வீட்டுப் பாய்வரை விற்றுவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் செம்பு வியாபாரியின் ஒரே மகளான ஜரீன்தாஜ், எங்கள் காஷான் நகரம் அதுவரை பார்க்காத சீர்வரிசையோடு அந்த வாசலில் வந்து இறங்கினாள்.

நஸ்ருல்லாவின் முகம் சிவந்தது. "எழுத்து இருக்கா?"

"எங்கப்பா எழுதி வாங்கல. மாப்பிள்ளை என்ன திருடனா, எழுதி வாங்கறதுக்குன்னுட்டாரு."

"அப்ப சாட்சி?"

"ஊரே பார்த்துச்சுடா."

"ஊரு பேசாது, சின்னம்மா. ஆளு பேசணும். ஷேக் மூஸாகிட்ட போவோம்."

"போவோமே" என்று எழுந்தாள் அக்கா. அவள் இடுப்பில் செருகியிருந்த முக்காட்டை உதறிய வேகத்தில், தலையணைப் பஞ்சு கூடம் முழுக்கப் பறந்தது.

முதலில் ஆண்களைக் கேட்டுப் பார்த்தோம். என் கணவர் அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்தான். "சீரா? வந்துச்சு, வந்துச்சு. நெறைய வந்துச்சு" என்றார்.

"என்னென்ன வந்துச்சு?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "அன்னைக்கு நெய்ச்சோத்துல மாதுளை போட்டிருந்தாங்க. கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு."

ரொட்டிக்கடைக்காரருக்கும் சோறு ஞாபகம் இருந்தது. கொல்லருக்கு அன்று மேளக்காரர் தடுக்கி விழுந்தது ஞாபகம் இருந்தது. ஒருவருக்கும் ஒரு கரண்டிகூட ஞாபகம் இல்லை.

"பெமானி, நாம தப்பான இடத்துல கேக்கறோம். துணியைச் சுருட்டு, குளிக்கப் போவோம்" என்றாள் அக்கா என்னிடம்.

செவ்வாய்க்கிழமை ஹம்மாம் பெண்களுக்கு. ஆவியும் வெந்நீர்ச் சத்தமுமாக இருந்த அந்த மண்டபத்தில், மருதாணி ஊறும் தலையோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே ஜரீன் அக்கா கல்மேடையில் ஏறி நின்று, நடந்ததைச் சொன்னாள். சிவப்பு நூல் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். கரி அடுப்புக் கதைக்கு எல்லாரும் வைதார்கள். பிறகு ஒருத்தி ஆரம்பித்தாள்.

"அந்தப் பச்சை ரஜாயை யாரு மறப்பா?"

"பச்சை இல்லடி, நீலம்!"

"ஓரந்தான் நீலம். நடுவுல பச்சை. நான் தொட்டே பார்த்தேன்."

"நீ தொட்டியா? தொட விட்டாங்களா உன்னை?"

"கூட்டத்துல யாரு பார்த்தா!"

ஒவ்வொருத்தியும் ஒரு தட்டை, ஒரு விளக்கை, ஒரு தலையணை உறையின் தையலை நினைவிலிருந்து எடுத்துப் போட்டாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு நூலிழை தப்பவில்லை. கல்யாணமாகிப் போன எந்தப் பெண்ணும் அடுத்தவளின் சீரை மறப்பதில்லை. எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள்.

ஒருத்தி மட்டும் எதுவும் பேசவில்லை. மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்து கால் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஷாபாஜி. எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி. அவளுக்கும் ஜரீன் அக்காவுக்கும் பேச்சு இல்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஜரீன் அக்காவைக் கேட்டால், "எனக்கே தெரியாது. நான் வந்த நாள்லேர்ந்து அவ மூஞ்சிய திருப்பிட்டுத்தான் போவா" என்பாள்.

ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் ஷேக் மூஸாவுக்கு விசாரணை நாளன்று பல்வலி. தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் துணி கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு, சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நஸ்ருல்லா எதிரில், ஹபீப் சற்றுத் தள்ளித் தரையைப் பார்த்தபடி. பெண்களுக்கு ஒரு திரை. திரைக்குப் பின்னால் நாங்கள் வந்துகொண்டே இருந்தோம். கூடம் நிறைந்து, முற்றம் நிறைந்து, தெருவுக்குப் போய்விட்டது கூட்டம்.

"யாரு இதெல்லாம்?" என்றார் ஷேக்.

"சாட்சிங்க" என்றாள் அக்கா.

"பொம்பளை சாட்சி ஆம்பளைக்குப் பாதிதான், தெரியுமில்ல?" என்றான் நஸ்ருல்லா.

"தெரியும்ப்பா. அதான் ரெட்டிப்பா வந்திருக்கோம். பத்தலன்னா சொல்லு, அடுத்த தெருவும் வரும்."

திரைக்குப் பின்னால் எழுந்த சிரிப்பில் ஷேக்குக்குப் பல் விண்ணென்று தெறித்திருக்க வேண்டும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஒருத்தி உடனே, "ஷேக், கிராம்பை இடிச்சு வைங்க" என்றாள். "கிராம்பு சூடு. பூண்டு வைக்கணும்" என்றாள் இன்னொருத்தி. வழக்கு கொஞ்ச நேரம் பல்வலிக்குப் போய்விட்டது.

பிறகு அவர் ஒவ்வொருத்தியாகத் தனித்தனியே அழைத்துக் கேட்டார். சொன்னதெல்லாம் ஒத்துப் போயிற்று. நஸ்ருல்லா விடவில்லை. "எல்லாரும் சின்னம்மாவோட சிநேகிதிங்க. ஹம்மாம்ல ஒண்ணா உக்காந்து பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காங்க. ஊருக்கே தெரியும்" என்றான். ஷேக்கும் யோசனையோடு தலையசைத்தார். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அப்போது வாசலில், "வழி விடுங்கடி" என்ற குரல் கேட்டது. ஷாபாஜி.

கூட்டம் அப்படியே அடங்கி வழி விட்டது. அவள் நேரே திரைக்கு முன்னால் வந்து, முகத்திரையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"ஷேக், நான் இவளுக்குச் சிநேகிதி இல்ல. அந்தத் தம்பிகிட்ட கேளுங்க."

நஸ்ருல்லா விழித்தான். "இல்லதான். ரெண்டு பேருக்கும் ஆகாது" என்றான்.

"ஆகாது. ஏன்னு இன்னைக்குச் சொல்றேன். இவ கல்யாணமும் என் கல்யாணமும் ஒரே மாசம். எனக்கு எங்கப்பா குடுத்தது ஒரு கோவேறு கழுதைச் சுமை. மாமியா வீட்ல அதையே பெருமையா வாங்கி வச்சாங்க. நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். அப்புறம் இவளோட சீர் எங்க தெருவுல வந்துச்சு. காலையில வர ஆரம்பிச்சது, வெயில் ஏறியும் முடியல. நான் மாடியில நின்னு பார்த்தேன். ஒவ்வொரு தட்டையும் பார்த்தேன். பார்த்துப் பார்த்து அழுதேன். எங்க மாமியா கீழேர்ந்து, 'பாருடி, சீர்னா இதான் சீர்'னு கத்தினா. அன்னையிலேர்ந்து செத்துப்போற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

அவள் நஸ்ருல்லாவின் பக்கம் திரும்பினாள்.

"கேளுங்க, என்ன வேணாலும் கேளுங்க. அந்தச் சமோவார் வயித்துல இடது பக்கம் ஒரு நெளிசல் இருக்கும். இருக்கா இல்லையா, தம்பி? அது ஏன் தெரியுமா? சுமந்துட்டு வந்தவன் எங்க வீட்டுச் சந்துமுனையில செவுத்துல இடிச்சுட்டான். மாடியில நின்ன எனக்கு அப்பத்தான் கொஞ்சம் மனசு ஆறுச்சு. கம்பளத்துல ஒரு மூலைப் பூ மத்ததைவிடச் சிவப்பு. ஒரு விளக்குக்கு மட்டும் கண்ணாடி மாத்தினது. ஆறு தேநீர்க் குவளைல பொன்விளிம்பு, மீதியில வெள்ளி. எனக்கு என் சொந்த வீட்டுச் சாமான்கூட இவ்வளவு ஞாபகம் இல்ல. போதுமா? இன்னும் வேணுமா?"

ஷேக் ஹபீபைப் பார்த்தார். ஹபீப் தலை நிமிர்ந்தான். "நெளிசல் இருக்கு, ஷேக். சின்ன வயசுல நான் அதுல விரலை வச்சு விளையாடுவேன். அம்மாகிட்ட கேட்டா, 'இது என்கூடவே வந்த நெளிசல்டா'ம்பாங்க." அவன் அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, போதும். விட்டுரு."

ஷேக் தாடைத் துணியை அவிழ்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். "பிடிக்காதவ சொல்ற நல்லதுக்கு மேல எனக்கு எந்தச் சாட்சியும் வேண்டாம். சாமான் ஜரீன்தாஜ் கானமுடையது. எழுதிக்கோங்க." 'கானம்' என்று மரியாதை சேர்த்தே சொன்னார்.

வெளியே வந்ததும் ஜரீன் அக்கா ஷாபாஜியின் முன்னால் போய் நின்றாள். இருவரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள்.

"இத்தனை வருஷமா இதுக்காகவாடி மூஞ்சிய திருப்பின?"

"பின்ன? சின்ன விஷயமா அது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு தட்டைத் தூக்கி உங்க வீட்ல வச்சுட்டுப் போயிருப்பேனே!"

"அதான் சொல்லல. நீ வச்சிருந்தா இன்னும் எரிஞ்சிருக்கும்."

அக்கா சிரித்துக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள். ஷாபாஜி எலும்பு நொறுங்குகிறது என்று கத்தினாள்.

சாமான் கிடைத்தது, வைக்க இடமில்லை. அந்த வீட்டிலேயே இருக்கும்படி ஹபீப் கெஞ்சினான். "ருபாபாவுக்கும் எனக்கும் நடுவுல தினமும் நீ கிடந்து நசுங்கவா? வேணாம்டா" என்று சொல்லிவிட்டு, அக்கா எங்கள் வீட்டுக் கீழ் அறைக்குக் குடிவந்தாள். அவளோடு அவள் சீரும் வந்தது. முற்றத்தில் அண்டாவும் தட்டுகளும் மலைபோல் குவிந்தன. என் கணவர் தறிக்குப் போக வேண்டுமானால் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாகத் தாண்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் அக்கா எடுக்கவில்லை. கணப்பு மேசையின் அந்தப் பெரிய ரஜாயும் அதைச் சுற்றிய மெத்தைகளும் அங்கேயே இருந்தன. எடுக்கப் போன அன்று ருபாபாவின் பிள்ளைகள் அதற்குள் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தூங்கற குழந்தைங்களை எழுப்பி உருவச் சொல்றியா? இருக்கட்டும்" என்றாள் அக்கா. வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த ருபாபா முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

பனி கரையும் நேரத்தில் மஷ்ஹதி பராத் வந்தார். கம்சர் மலைக்கிராமத்தில் ரோஜாத் தோட்டம் வைத்துப் பன்னீர் காய்ச்சுகிறவர். ஒவ்வொரு வருஷமும் ஹாஜி வீட்டுக்குப் பன்னீர் கொண்டுவருவார் என்பதால் எல்லாரும் அறிந்தவர்தான். ஒல்லியாக, உயரமாக, யாரோடு பேசினாலும் குனிந்துதான் பேசுவார்.

"அண்டா ஒண்ணு விக்கறீங்கன்னு ஈயம் பூசறவர் சொன்னாரு, கானம். என்னோடது அடி ஓட்டையாயிருச்சு. பூப் பருவம் வருது" என்றார்.

"அவர்கிட்ட பூசத்தான் குடுத்தேன். விக்கறதா யாரு சொன்னா? உக்காருங்க, டீ குடிங்க."

உட்கார்ந்தார். ஒரு குவளை குடித்தார். இன்னொன்று, இன்னொன்று என்று சமோவார் காலியாகும்வரை குடித்தார். "மன்னிக்கணும். எங்க வீட்ல ஒரே ஒரு குவளைதான். விருந்தாளி வந்தா அவர் குடிச்சு முடிக்கறவரை நான் மலையைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றார்.

"ஏன், வீட்டு அம்மா?"

"போய்ப் பல வருஷம் ஆச்சு. மலைக்குளிர் அவளுக்கு ஒத்துக்கல, என் பேச்சும் ஒத்துக்கல. நான் பேசவே மாட்டேன்னு புகார். விட்டுட்டுப் போயிட்டா. அவ சீரை அவ எடுத்துட்டுப் போனா, அது நியாயந்தான். கோட்டு மாட்டற ஆணிகூட அவளோடதாம். அப்புறம் நான் எதுவும் வாங்கல. கழுதைச் சேணத்து விரிப்புல படுக்கறேன். கழுதைதான் கொஞ்சம் கோவமா இருக்கு."

அக்கா சிரித்தாள். புறாக்கள் பறந்தன. மஷ்ஹதி பராத் வாயைத் திறந்தபடி அந்தப் புறாக்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துக்க மாசம் முடியட்டும். அப்புறம் வாங்க, அண்டாவைப் பத்திப் பேசலாம்" என்றாள் அக்கா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. குரல் என்னவோ போல இருந்தது. அவர் போனபின் நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"என்னடி பார்க்கற? செம்பு வாங்க வந்த ஆளு."

"நான் ஒண்ணும் சொல்லலியே, அக்கா."

"சொல்லாம பார்க்கற பாரு, அதான்."

துக்க மாதங்கள் முடிந்த மறுநாள் விடிந்ததும் கதவு தட்டப்பட்டது. தாடிக்கு மருதாணி, தலையில் புதுக் கம்பளித் தொப்பி, கையில் பன்னீர்க் குப்பி. மஷ்ஹதி பராத் முற்றத்துக்கு வந்து பாத்திரங்களுக்கு நடுவில் நின்றார். நான் மாதுளை உரிக்கிற சாக்கில் நகராமல் உட்கார்ந்தேன்.

"அண்டா விஷயமா வந்தேன், கானம்."

"அண்டா தனியா வராது."

"கூட என்ன வரும்?"

அக்கா முற்றத்தைச் சுற்றிக் கையை வீசினாள். "இதெல்லாம் வரும்."

"அப்புறம்?"

"இதுக்கெல்லாம் சொந்தக்காரி வருவா. வாய் கொஞ்சம் பெரிசு. நிறையப் பேசுவா."

அவர் தொப்பியைக் கழற்றினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "வீட்டுக் கதவு சின்னது. இந்த அண்டா நுழையாது" என்றார்.

அக்கா அசரவில்லை. "இடிச்சுப் பெரிசாக்குங்க."

"இடிச்சுட்டேன், கானம். அன்னைக்கு இங்கேர்ந்து போன வாரமே இடிச்சு அகலமாக்கிட்டேன். பனிக்காத்து உள்ள வந்து ஒரே இருமல்" என்றார்.

என் மடியிலிருந்த மாதுளை முத்துகள் முற்றமெங்கும் சிதறின. மாடியில் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் அங்கிருந்தே, "முபாரக்!" என்று கத்தினார்.

ஒப்பந்தம் எழுத ஷேக் மூஸாவே வந்தார். பல் பிடுங்கியாகிவிட்டது, ஆள் உற்சாகமாக இருந்தார். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹராக என்ன வேண்டும் என்று கேட்டபோது ஜரீன் அக்கா யோசிக்கவே இல்லை. "போன தடவை எனக்குச் செவுரு இல்லாம போச்சு. இந்தத் தடவை செவுரும் வேணும். வீட்ல பாதி."

மஷ்ஹதி பராத் குனிந்து ஷேக்கின் காதருகே சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "பாதி எதுக்கு? எந்தப் பாதியில உக்காரறதுன்னு எனக்குக் குழப்பமாயிரும். முழுசா அவங்க பேருக்கே எழுதுங்க. என்னை வெளிய போகச் சொன்னா தோட்டம் இருக்கு."

ஹபீப் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனைத்தான் அக்கா தன் தரப்புச் சாட்சியாக நிறுத்தியிருந்தாள்.

சீர் கிளம்பிய நாளில் காஷானில் ஒரு கடையும் ஒழுங்காக நடக்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குப் போகிறமாதிரியே தட்டு சுமக்கிறவர்கள், மேளம், காதைத் துளைக்கும் சூர்னாக் குழல், பட்டு போர்த்திய கோவேறு கழுதைகள். முன்னால் மஷ்ஹதி பராத் அனுப்பிய கண்ணாடியும் ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தண்டும். கண்ணாடி முகம் பார்க்கிற அளவுதான். அக்காவின் முகத்தில் பாதிதான் அதில் விழும். "மீதியை அவர் பார்த்துச் சொல்லட்டும்" என்றாள் அவள். அவள் படவேண்டிய வெட்கத்தையெல்லாம் நாங்கள்தான் பட்டோம். அவள் கழுதைமேல் ஏறி உட்கார்ந்து, கூரைகளில் நின்ற பெண்களுக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

சமோவாரைச் சுமக்கிறவனிடமிருந்து ஷாபாஜி பிடுங்கிக்கொண்டாள். "குடு இங்க. இவனுங்களை நம்ப முடியாது, செவுத்துல இடிப்பானுங்க" என்று இடுப்பில் ஒரு குழந்தையைப்போல் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் வீட்டுச் சந்துமுனை வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததில் ஊர்வலமே நின்றுபோயிற்று.

பழைய வீட்டு வாசலில் ருபாபா நின்றிருந்தாள். கையில் அந்தக் கரி அடுப்பு. அதில் திருஷ்டி கழிக்கிற எஸ்பந்து விதைகள் வெடித்துப் புகைந்துகொண்டிருந்தன.

"சின்னம்மா, இதை மறந்துட்டுப் போறீங்க" என்றாள். கண்கள் புகையாலோ எதனாலோ கலங்கியிருந்தன. அடுப்பைக் கழுதையைச் சுற்றி மூன்று முறை காட்டினாள். "பிள்ளைங்க ராத்திரியெல்லாம் உங்களைத்தான் கேக்குதுங்க."

"பூ பறிக்கறப்ப கூட்டிட்டு வா. நீயும் வா. உன் புருஷன் செருமாம இருந்தா அவனையும் கூட்டிட்டு வா" என்றாள் அக்கா. குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டாள்.

நஸ்ருல்லா வெளியே வரவில்லை. ஆனால் கடைசிக் கழுதையின்மேல் யாரோ ஒரு பட்டுச் சுருளை வைத்திருந்தார்கள், ஹாஜி கடையின் மிக உயர்ந்த ரோஜா நிறப் பட்டு. கம்சர் போய் இறக்கும்போதுதான் அதைப் பார்த்தோம்.

நாங்கள் பெண்கள் கூட்டமாக அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாள் திரும்புவதாகத்தான் கணவர்களிடம் சொல்லியிருந்தோம். மலையில் பூ அப்போதுதான் மலர்ந்திருந்தது. கிராமத்துக்குள் நுழைவதற்கு வெகு முன்பே வாசனை வந்து கழுதைகளைத் தும்ம வைத்தது. அண்டா, இடித்து அகலமாக்கிய வாசல் வழியாக ஒரு விரல்கடை இடைவெளியில் உள்ளே போயிற்று. வெறும் மண்சுவராக இருந்த வீட்டில் நாங்கள் கம்பளம் விரித்தோம், விளக்கு மாட்டினோம், தட்டுகளைச் சாய்த்து அடுக்கினோம். மஷ்ஹதி பராத் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தார். பிறகு தேநீர்க் குவளைகளின் முன்னால் உட்கார்ந்து, பொன்விளிம்பு ஒன்று, வெள்ளிவிளிம்பு ஒன்று என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. ஓடைகளில் வெள்ளம், கீழே போகிற பாதை மூடிவிட்டது. எங்களுக்கு வருத்தம் என்று சொன்னால் பொய். காலையில் ஈரத்தோடு பூப் பறித்தோம், பகலில் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். ஷாபாஜிக்கும் ஜரீன் அக்காவுக்கும் குழம்பில் உலர்ந்த எலுமிச்சை எத்தனை போடுவது என்று பெரிய சண்டை. பேசாமல் விட்ட வருஷங்களையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசித் தீர்த்தார்கள்.

பாதை திறந்த அன்று விடியற்காலையில் கீழே மணிச்சத்தம் கேட்டது. எங்கள் கணவர்கள். வரிசையாகக் கழுதைகளில், பசித்த முகங்களோடு, முன்னால் என் யதுல்லா. "எங்க போனீங்க எல்லாரும்? வீட்ல ரொட்டியும் தயிருமா எத்தனை நாள் திங்கறது?" என்று தூரத்திலிருந்தே ஆரம்பித்தார்.

ஜரீன் அக்கா தோட்டத்து மேட்டில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "சத்தம் போடாதீங்க, பூவெல்லாம் உதிரும். வெயில் ஏறறதுக்குள்ள பறிச்சாகணும். ஆளுக்கொரு கூடை எடுங்க, அப்புறம் சாப்பாடு!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கழுதைகளிலிருந்து இறங்கினார்கள். முள் குத்தியபோதெல்லாம் முனகிக்கொண்டே, தாடியெல்லாம் இதழ் ஒட்டிக்கொள்ள, வரிசை வரிசையாகச் செடிகளுக்குள் இறங்கிப் பறிக்க ஆரம்பித்தார்கள். மஷ்ஹதி பராத் அவர்களுக்கு நடுவே போய், குனிந்து, காம்பை எப்படிக் கிள்ள வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசவே மாட்டார் என்று முதல் மனைவி புகார் சொன்ன மனிதர். வாய் மூடவில்லை.